டொக்கு பிட்டர் ஒட்டுப்போட்ட ஜீப்

மலாயாவில் கேமரன் மலைக்கு வந்த துரைமார்கள், டாக்டர்கள், சோசியக்காரர்கள், சாமியாடிகள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றுங்கள். எங்கள் தோட்டத்து டொக்கு பிட்டரை மட்டும் தனியாக இன்னொரு தட்டில் உட்கார வையுங்கள். எது உறுதி, எது உளுத்தது என்று சொல்லும் விஷயத்தில் பிட்டரின் தட்டுதான் கீழே இறங்கும். இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த நான்தான் அதை மாதாமாதம் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் எழுதினேன். ஒருநாள் அதையே ஒரு போலீஸ் காகிதத்திலும் டைப் அடித்தேன். அதிலிருந்து அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. டொக்கு பிட்டர் என்றே வைத்துக்கொள்வோம், தோட்டமே அப்படித்தான் கூப்பிட்டது.

தேயிலை ஃபேக்டரியில் இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர் வேலை. இடுப்பில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். கண்ணில் பட்டதையெல்லாம் அதனால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். 'டங்' என்று கேட்டால் உள்ளே உறுதி. 'டொக்' என்று கேட்டால் உள்ளே காலி. அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஒருமுறை கல்யாண வீட்டில் சீர்வரிசைக் குடத்தைத் தட்டி, "டொக்கு. அடியில ஈயம் வெச்சு அடைச்சிருக்கான்," என்று பந்தலிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒழுகியது. கல்யாணம் நடப்பதற்குள் பெண்ணின் அப்பாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் பத்திரிகை வைக்கும்போதே, "பிட்டரே, குடும்பத்தோட வாங்க, சுத்தியல வீட்ல வெச்சிட்டு வாங்க," என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

பொருளோடு நிறுத்தியிருக்கலாம், மனிதனையும் விட்டுவைக்கவில்லை. ஜீப் டிரைவர் மூக்கன் ஒருநாள் கோயில் திருவிழாவில் நின்று கொஞ்சம் அதிகமாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தான். பிட்டர் பின்னால் போய், விரல் முட்டியால் அவன் மண்டையில் ஒரு தட்டு. "டொக்கு," என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. ஆறு வருஷம் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாழ்ந்தார்கள். அது லேசுப்பட்ட காரியமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என் நெஞ்சையும் தட்டினார். நான் பயந்துபோய், "என்ன அண்ணே, எப்படி?" என்று கேட்டேன்.

"இப்ப சொல்ல முடியாது, கிராணி. இன்னொரு நாள் தட்டிப் பாக்கணும்," என்றார்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், ரோட்டில் துப்பாக்கியோடு பட்டாளம், நடுவில் கொழுந்துக் கூடையோடு நாங்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக் கூடாதென்று லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். மலைக்கு வேலைக்குப் போகிறவன் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. பக்கத்து ஊர் ரிங்லெட்டில் முஸ்லிம் காக்கா கடையில் சார்டின் டின் வாங்கினால், சேர்த்துவைத்துக் காட்டுக்குக் கொடுத்துவிடுவோமென்று கடைக்காரரே ஆணியால் டின்னில் ஓட்டை போட்டுத்தான் தருவார். வீடு வந்து சேர்வதற்குள் பாதிக் குழம்பு சட்டையில். பிட்டருக்கு இதில் தனி வருத்தம். ஓட்டை போட்ட டின் எல்லாமே டொக் என்றுதான் கேட்கிறது, நல்ல டின் எது என்றே தெரியவில்லை என்று புலம்புவார்.

கேட்டில் காவலுக்கு நின்றவன் தினமும் காலையில் அவர் சுத்தியலை ஆயுதம் என்று பிடுங்குவான். அவர் சண்டை போடவில்லை. ஒருநாள் அவன் துப்பாக்கியைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "பாவம் லா நீ," என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு அவன் சுத்தியலைத் தொடவில்லை. துப்பாக்கியையும் பயந்து பயந்துதான் தொட்டான்.

இந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு புதுத் துரை வந்து சேர்ந்தார். பழைய துரை தமிழில் திட்டுவார், நாமும் புரிந்துகொண்டு பயப்படலாம். இவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. மலாயில் தெரிந்தது ஒரே ஒரு சொல், 'தீடாப்பா'. பரவாயில்லை என்று அர்த்தம். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றால் தீடாப்பா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தீடாப்பா. தன் உயிர் என்று வரும்போது மட்டும் அந்தச் சொல் அவருக்கு மறந்துபோகும்.

பக்கத்து ரோட்டில் யாரோ ஒரு துரையின் காரைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த வாரமே ஈப்போவிலிருந்து குண்டைத் தடுக்க நாலு இரும்புத் தகடுகள் வந்து இறங்கின. எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, துரையின் முதுகுக்குப் பின்னால் ஒன்று. திங்கட்கிழமைக்குள் மாட்டியாக வேண்டும் என்று உத்தரவு.

அந்த ஜீப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் போனபிறகு திரும்பி வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனது. எங்கள் மலையில் மழை பெய்யாத நாளில் பனி பெய்யும். பச்சைப் பெயிண்டை ஐந்தாறு தடவை பூசிப் பூசி, வெளியே பார்க்க மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். பிட்டர் அதன் அடியில் மல்லாக்கப் படுத்து, முன்னாலிருந்து தட்டிக்கொண்டே போனார். டங். டங். டங். பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் டொக். அடுத்த தட்டில் சுத்தியலின் மூக்கு உள்ளே போய்விட்டது.

நேராக ஆபீசுக்கு வந்தார். கைநிறையக் கொண்டுவந்த சிவப்புத் தூளை என் மேசைமேல் கொட்டினார்.

"இது என்னா தெரியுமா, கிராணி?"

"செம்மண்ணா அண்ணே?"

"துரையோட ஜீப்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "சேசிஸுன்னா வண்டிக்கு முதுகெலும்பு. பின்சக்கரத்து வில்பட்டை தொங்குற எடம் ரெண்டு பக்கமும் அழுகிப்போச்சு. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்ல. இதுமேல நாலு தகட்ட ஏத்தினா தாப்பா எறக்கத்துல ஏதாவது ஒரு வளைவுல ஒடியும். ஒடிஞ்சா கீழ ஆறுதான். எனக்கு ரெண்டு முழம் நல்ல இரும்பு வேணும். அழுகின எடத்த வெட்டிட்டுப் புதுசு வெச்சு ஒட்டிடறேன். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். துரை தீடாப்பா என்றார். மறுநாள் மறுபடி எழுதினேன். கிழித்துப் போட்டார். மூன்றாம் தடவை என்னை நிற்கவைத்து, "ஜீப்புக்குத் தகடு மாட்டுவதில் இந்த ஆளுக்கு என்ன கஷ்டம்? அவனுக்குக் கஷ்டமா, காட்டுக்குள் இருக்கிற அவன் சிநேகிதர்களுக்குக் கஷ்டமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த நாளில் இப்படி ஒரு கேள்வி போதும், ஆளை நாடு கடத்திக் கப்பலேற்றிவிடுவார்கள்.

வெளியே பிட்டர் காத்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாரு?"

"யோசிக்கிறேன்னாரு அண்ணே."

அவருக்கு நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஜாக்கிரதையாக இருந்திருப்பார். மனசு நோகுமே என்று மறைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை துரை தானா ராத்தாவுக்குப் பாட்டில் திறக்கப் போயிருந்தார். பிட்டர் ஃபேக்டரிக் கொட்டகையில் ஜீப்பின் உடம்பைக் கழற்றித் தூக்கி, சேசிஸை மரக்கட்டைகள்மேல் நிறுத்தியிருந்தார். கோணல் வந்துவிடக் கூடாதென்று மூலைக்கு மூலை நூல் கட்டியிருந்தார். அழுகிய பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார், தட்டுவார், டொக் என்றால் இன்னும் கொஞ்சம் வெட்டுவார். டங் கேட்கிறவரைக்கும் விடவில்லை. எல்லாம் சரி, வைத்து ஒட்ட இரும்பு? பார்த்தால், துரையின் முதுகுக்கு வந்த தகட்டின்மேல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! அது துரைக்குப் பின்னால மாட்டுறதுக்கு!"

"தெரியும். திங்கக்கிழமை மூக்கன் இந்த வண்டிய ஓட்டணும் லா."

"நீங்கதான் மூக்கனோட பேசறதே இல்லையே?"

"பேசமாட்டேன். அதுக்காகச் சாகவா விடுவேன்?"

தகட்டை வெட்டிப் பெட்டியாகக் கூட்டி, கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டினார். நேர்க்கோட்டில் ஒட்டினால் அந்த இடத்திலேயே மடங்குமாம், சாய்வாக வெட்டிச் சாய்வாகவே ஒட்டினார். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை போட்டார். ஒட்டு ஆறியதும் தட்டினார். கோயில் மணி தோற்றது, அப்படி ஒரு டங்.

தகடு இல்லாத இடத்துக்கு என்ன செய்வது? தேயிலைப் பெட்டிப் பலகை இரண்டை ஒன்றாக ஆணியடித்து, மற்ற தகடுகளுக்குப் போட்ட அதே பெரிய போல்ட்டுகளைப் போட்டு மாட்டினார். நல்ல இரும்பு கிடைத்ததும் மாற்றிவிடுவதாகச் சொன்னார். பெயிண்ட் அடிக்கிற வேலை எனக்கு. ஆமாம், நான்தான் அடித்தேன். ஒரு பூச்சு அடித்தும் பெட்டியின் எழுத்து லேசாகத் தெரிந்தது.

"இன்னொரு பூச்சு கெட்டியா அடிங்க, கிராணி," என்றார்.

டின்னில் பெயிண்ட் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஸ்டோரைத் திறந்து வேறு டின் எடுத்திருக்கலாம். சோம்பேறித்தனம். மண்ணெண்ணெய் கலந்து நீட்டி, தண்ணியாக ஒரு பூச்சு இழுத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.

மூன்றாம் வாரம் நல்ல மழை. ரிங்லெட்டுக்குக் கீழே ரோட்டோரம் கரைந்திருந்தது. துரையும் இரண்டு காவல்காரர்களும் உட்கார்ந்திருக்க, ஜீப்பின் பின்சக்கரம் இரண்டும் சரிந்து, வண்டியின் பின்பக்கம் முழு எடையோடு பாறைமேல் மடேரென்று விழுந்து தொங்கியது. ஒடியவில்லை. லோரி வந்து கயிறு கட்டி இழுக்கிறவரைக்கும் அப்படியே தாங்கியது. துரை இறங்கி, பக்கத்துத் தகட்டைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்து, "என்ன உறுதி!" என்றார். தகடு செய்த ஈப்போக்காரனுக்கு அவர் பாராட்டுக் கடிதம் சொல்லச் சொல்ல, அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

மூக்கன் மட்டும் வண்டிக்கு அடியில் நுழைந்து பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலம் ஃபேக்டரிக்குப் போய், பிட்டருக்கு முன்னால் நின்று, தலையைக் குனிந்தான்.

"இந்தா, இப்பத் தட்டிப் பாரு."

பிட்டர் விரலால் தட்டினார். காதைச் சாய்த்தார். "இன்னும் டொக்குதான்டா," என்றார். "ஆனா வண்டி நல்லா ஓட்டற."

இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள் என்று பிட்டரின் சம்சாரம் மாரியாயி சொன்னாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள். ஆனாலும் நம்புகிறேன்.

பிறகு வந்தது பெருமழை. ஐந்து நாள் விடாமல் பெய்தது. பிரிஞ்சாங் கடைத்தெருவில் துரை ஜீப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறார். பின்னால் பட்டாள லோரியில் வந்த வெள்ளைச் சிப்பாய்கள் கையைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள். துரை இறங்கிப் பின்னால் வந்து பார்த்தார். என் மண்ணெண்ணெய்ப் பெயிண்ட் மழையோடு மழையாக ஓடிப்போய்விட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: 'முதல்தரத் தேயிலை. ஈரம் படாமல் வைக்கவும்.'

துரை கைப்பிரம்பால் ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

மூன்று வாரத்துக்கும் மேலாக ஒரு தேயிலைப் பெட்டியை நம்பி ஊர்வலம் போயிருக்கிறோம் என்ற அவமானம் அவருக்கு. அதைவிட அந்தச் சிப்பாய்களின் சிரிப்பு. மறுநாள் காலையில் எங்கள் ஆபீசுக்கு ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். அவரும் வெள்ளைக்காரர். அவர் கேள்வி ஒன்றுதான். காட்டுக்காரர்கள் சொல்லித்தான் துரையின் முதுகைத் திறந்துவிட்டாயா? இல்லையென்று அவருக்குத் திருப்தியானால் பிட்டர் ஃபேக்டரிக்குத் திரும்பலாம். ஆகாவிட்டால் கப்பல். இதை என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, பிட்டர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கச் சொன்னார். துரை எனக்கு நேரெதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிட்டர் பயப்படவே இல்லை. "அய்யா, தகடு எங்கயும் போவல. வண்டிக்கு அடியிலதான் இருக்கு. படுத்துப் பாக்கச் சொல்லுங்க, தெரியும். சேசிஸு அழுகிப்போச்சுன்னு மூணு தடவை கிராணி எழுதிக் குடுத்தாரு. மூணு தடவையும் துரைகிட்டேருந்து இரும்பு வரல. பலகைக்கு முன்னால ஒக்காந்தா எவனாவது சுட்டாத்தான் சாவு. அந்தச் சேசிஸ்ல ஒக்காந்தா எவனும் சுடாமலே சாவு. நான் எத செய்யணும், நீங்களே சொல்லுங்க!"

இதைவிட நல்ல வாதத்தை எந்த வக்கீலும் சொல்லமுடியாது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். மூன்று தடவை எழுதினேன் என்றால், துரைமேல் குற்றம். குற்றத்தைச் சொல்கிற வாய் என்னுடையது. எனக்குத் தெரியும் என்றால், பெயிண்ட் அடித்தது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

"அனுமதி இல்லாமல் செய்ததாக ஒப்புக்கொள்கிறார், சார். மன்னிப்புக் கேட்கிறார்," என்றேன்.

மூக்கனைக் கூப்பிட்டார்கள். அவன் கையைக் கட்டிக்கொள்ளாமல் நின்று, பாறைமேல் விழுந்த கதை முழுவதையும் சொன்னான். "அவரு மட்டும் ஒட்டியிருக்காட்டி இந்தத் துரை இன்னிக்கு இங்க ஒக்காந்திருக்க மாட்டாரு!" என்று துரையை நோக்கிக் கையை நீட்டியே சொன்னான். மண்டை டொக்காம். அந்த மண்டைக்குள் இருந்த துணிச்சலில் ஒரு துளி எனக்கு இருந்ததா? "விபத்தின்போது வண்டி உறுதியாக இருந்தது என்கிறான், சார்," என்று முடித்தேன்.

துரை, "ஆமாம், தகடுகள் நல்ல தகடுகள்," என்றார். ஒருவர்கூட வண்டிக்கு அடியில் குனியவில்லை. தரை சேறாக இருந்தது, அவர்கள் கால்சட்டை வெள்ளையாக இருந்தது.

கடைசியாகச் சொந்த ஊர் எது என்று கேட்டார் அதிகாரி. ஐந்து வயசில் அப்பன் தோளில் கப்பலிறங்கியவர் பிட்டர். "ரிங்லெட்டு," என்றார். அந்த ஒரு சொல்லையாவது அப்படியே சொல்லித் தொலைத்திருக்கலாம். செக்ரோலில் எழுதியிருந்தபடி 'இந்தியா' என்றேன். போலீஸ் காகிதத்திலும் அதையே டைப் அடித்தேன்.

லோரி வாசலில் நின்றது. கைவிலங்கு போட்டிருந்தார்கள், சுத்தியலைப் பிடுங்கியிருந்தார்கள். ஏறப்போனவர் பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் லோரியின் அடிச்சட்டத்தைத் தட்டி, "சார், இது பின்னால டொக்கு. எறக்கத்துல பாத்துப் போகச் சொல்லுங்க," என்றார். போலீஸ்காரன் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினான். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்திருப்பேன்.

"கிராணி," என்றார் மெதுவாக. "எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா நான் பேசினது ஒரு முழம், நீங்க சொன்னது ஒரு சாண்."

நான் தலையைக் குனிந்தேன். மூன்று மாதம் தாப்பா தடுப்பு முகாமில் வைத்திருந்து பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். மாரியாயியும் கூடவே போனாள். ஊர்ப் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாத ஊரில் இரண்டு பேரும் எப்படிப் பிழைத்தார்களோ, ஒரு கடிதமும் வரவில்லை. யார் முகவரிக்கு எழுதுவார்கள், என் முகவரிக்கா? அவசரகாலம் முடிந்தது, துரை சீமைக்குப் போனார், ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். உடைக்கிற இடத்துக்கு நானும் மூக்கனும் போனோம். தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. பின்னால் இரண்டு முழம் மட்டும் அப்படியே இருந்தது. மூக்கன் ஒரு கல்லை எடுத்துத் தட்டினான். டங் என்ற சத்தம் கேட்டு, கடைக்காரச் சீனன்கூடத் திரும்பிப் பார்த்தான். மூக்கன் என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசவும் இல்லை.

ஆனால் அந்த லோரிக்குப் பக்கத்தில் நடந்தது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் குனிந்து நின்றபோது பிட்டர் விலங்கு போட்ட இரண்டு கையையும் தூக்கி, விரல் முட்டியால் என் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார். வழக்கம்போலக் காதைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் கேட்டார். சேர்ந்த அன்றைக்குப் பாக்கி வைத்த தீர்ப்பு.

"டங்குதான் கிராணி," என்றார். "போங்க, போயி வேலையப் பாருங்க."

கல்யாணப் பந்தலிலும் துப்பாக்கிக்கு முன்னாலும் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.